ராபர்ட் ஃபால்க் 1937-ல் மாஸ்கோ திரும்பிய பிறகு எதை வைத்துப் பிழைத்தார்?

தூரிகை76:
சோவியத் கால யூத ஓவியர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபால்க்கிடம் வந்து நிற்கிறது. 1886-ல் மாஸ்கோவில் பிறப்பு, 1910-ல் 'டைமண்ட் ஜாக்' ஓவியர் குழு, பிறகு வ்குதெமாஸ் கலைப்பள்ளியில் ஆசிரியர், 1928 முதல் பாரிஸ், 1937 கடைசியில் நாடு திரும்பல். இதுவரை கோவையாக வருகிறது. அதற்கு அப்புறம் மூன்று சந்தேகங்கள். அரசு கைவிட்ட ஓவியர் எப்படிச் சாப்பிட்டார்? யூதர் என்பதால்தான் ஒதுக்கினார்களா? ஆண்டு குறிப்பிடாத படம் எந்தக் காலத்தது என்று கணிக்க முடியுமா?

கோட்டுச்சித்திரம்:
முதல் கேள்விக்கு விடை 1932 ஏப்ரல் 23-ல் இருக்கிறது. அன்று கட்சியின் மத்தியக் குழு போட்ட தீர்மானம் எல்லாக் கலைக்குழுக்களையும் கலைத்துவிட்டது. அவை இருந்த இடத்தில் மாஸ்கோவுக்கென்று ஒரே ஓவியர் சங்கம் வந்தது. ஃபால்க் அப்போது பாரிஸில். அவர் பாடம் நடத்திய பள்ளியும் 1930-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே திரும்பி வந்தவருக்குக் குழுவும் இல்லை, பழைய வேலையும் இல்லை.

புது ஏற்பாட்டில் பணம் எப்படி வரும் என்று பாருங்கள். ஓவியர் கருப்பொருளையும் மாதிரி வரைவையும் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் ஒப்பந்தம், முன்பணம். நடுவில் படத்தைச் சரிபார்க்கும் குழு வந்து பார்க்கும். 'இன்னும் முடிக்கவில்லை' என்று சொன்னால் திருத்த வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகே மீதிப் பணம். கேட்கப்பட்ட கருப்பொருள்கள் தலைவர்கள், தொழிற்சாலை, கூட்டுப்பண்ணை. ஃபால்க் வரைந்ததோ உருளைக்கிழங்கு, ஜன்னல் வழித் தெரு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். ஒரே உருவப்படத்துக்கு எத்தனையோ அமர்வுகள் எடுத்துக்கொள்வார். கெடு வைத்து முடிக்கும் கை அல்ல அது. முதல் படியிலேயே அடைபட்டுப் போவார்.

மிஞ்சியவை மூன்று வழிகள்: நாடக அரங்கு, மாணவர்கள், வீட்டுக்கு வந்து வாங்குபவர்கள். அரங்கு வேலை அவருக்குப் புதிதல்ல. மாஸ்கோவின் அரசு யூத நாடக அரங்குக்கு 1925-லும் 1927-லும் இரண்டு பெரிய நாடகங்களுக்கு அரங்கமைத்தவர். போர்க்காலத்தில் சமர்கண்டில் இருந்தார். மகன் வலேரி அந்தப் போரில் இறந்தார். பிற்காலத்தில் மாஸ்கோ ஆற்றங்கரையில் பெர்ட்சோவ் வீட்டிலிருந்த அவருடைய ஓவியக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் படம் பார்க்க வருவார்கள். பியானோ மேதை ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் அவரிடம் ஓவியம் கற்றவர், அவர் படங்களைச் சேர்த்து வைத்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை வருகைகளை நான் பொழுதுபோக்காகக் கருதவில்லை. கண்காட்சி மறுக்கப்பட்டவருக்கு அந்த அறைதான் கண்காட்சி.

நெய்தல்:
இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் 'ஆம்' என்று எழுதிவிடாதீர்கள், நண்பரே. காலத்தைப் பிரித்துப் பாருங்கள். ஐசக் பிராட்ஸ்கியும் யூதர்தான். 1930-ல் 'ஸ்மோல்னியில் லெனின்' வரைந்தார். 1934-ல் லெனின்கிராடில் கலைக் கழகத்தின் தலைமை அவரிடம் வந்தது. அந்தப் பத்தாண்டில் கோடு பிரித்தது பிறப்பை வைத்து அல்ல, வரையும் முறையை வைத்து. பிரெஞ்சு ஓவியர் செசானைப் பின்பற்றினால் 'ஃபார்மலிஸ்ட்', அதாவது கருத்தை விட்டு வடிவத்தையே பிடித்துக்கொண்டவர், என்ற முத்திரை விழும்; முத்திரை விழுந்தால் சுவரில் இடம் கிடையாது.

1948-ல் நிலைமை மாறுகிறது. ஜனவரியில் யூத அரங்கின் தலைவர் மிகோயல்ஸ் மின்ஸ்க்கில் கொல்லப்படுகிறார். செசான் படங்கள் தொங்கிய புதிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் அதே ஆண்டு மூடப்படுகிறது. 1949 ஜனவரி 28-ல் கட்சி நாளிதழ் பிராவ்தாவில் நாடக விமர்சகர்களைத் தாக்கி ஒரு கட்டுரை. அதையடுத்து 'வேரற்ற காஸ்மோபாலிட்டன்' (நாட்டுப்பற்றில்லாதவர்) என்ற வசை ஊரெங்கும். யூத அரங்கும் அந்த ஆண்டே மூடல். பாஸ்போர்ட்டில் 'யூதர்' என்ற பதிவு, ஒன்பது ஆண்டு பாரிஸ், செசான் பாணி ஆகிய மூன்றும் அப்போது ஒரே குற்றமாகிவிடுகின்றன. இதை 1938-க்கு இழுத்துப் போட்டால் கட்டுரை பிசகும்.

இன்னொரு இடத்திலும் தடுக்கி விழுவார்கள். ஃபால்க்கின் மாணவி எவா லெவினா-ரோசென்கோல்ட்ஸ் 1949-ல் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டதை யூத ஓவியர் ஒடுக்குமுறை என்று மட்டும் எழுதுவது சரியல்ல. 1938-ல் சுடப்பட்ட முன்னாள் சோவியத் அமைச்சர் அர்க்காதி ரோசென்கோல்ட்ஸ் அவருடைய அண்ணன். அந்த உறவுதான் அவரைத் துரத்தியது.

மஞ்சள்காவி:
ஆண்டு கணிப்புக்குப் பொருளை நம்பாதீர்கள், பரப்பை நம்புங்கள். கிரிமியா காட்சி என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இளமையிலும் வரைந்தார், பிற்காலத்திலும் வரைந்தார்.

1915-ன் மிட்கத் ரெஃபாதோவ் உருவப்படத்தில் முகமும் உடையும் பட்டை பட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். 1920-ன் 'சிவப்பு மரச்சாமான்கள்' படத்தில் நாற்காலிகளின் கோடுகள் வேண்டுமென்றே சாய்ந்து நிற்கும், சிவப்பு நம்மை நோக்கிப் பாயும். பாரிஸில் வண்ணம் மெலிகிறது. நீர்வண்ணமும் குவாஷும் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) கூடுகின்றன. கடைசிக் காலத்துச் சாம்பல் நிறத்தை உற்றுப் பார்த்தால் உள்ளே ஊதா, பச்சை, பழுப்பு எல்லாம் சின்னச் சின்னத் தீற்றலாக அடுக்கியிருக்கும். உருவத்தின் விளிம்பு பின்னணியில் கரையும். 'வெள்ளைச் சால்வையில்' (1946–47), சிவப்பு ஃபெஸ் தொப்பி அணிந்த சுய உருவப்படம் (1957) இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

திரையில் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. நேர் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படத்தில் தடித்த அடுக்குகளின் நிழல் போய்விடும். பிற்காலப் படம் வெறும் மங்கலாகத் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த நகல் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதியிலும் கவனம்: பழைய நாட்காட்டியில் அக்டோபர் 15, புதியதில் 27. இரண்டும் ஒன்றே.

தூரிகை76:
நன்றி. சோவியத் தலைவர் குருஷ்சேவ் அவரை நேரில் திட்டியதாக என் குறிப்பில் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

கோட்டுச்சித்திரம்:
எடுத்துவிடுங்கள். ஃபால்க் 1958 அக்டோபர் 1-ல் இறந்துவிட்டார். மாஸ்கோவின் மனேஜ் அரங்கில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு குருஷ்சேவ் வந்தது 1962 டிசம்பர் 1-ல். அங்கே அவர் சீறியது ஃபால்க் வரைந்த நிர்வாணப் பெண் படத்தைப் பார்த்து. அந்தக் கண்காட்சி எதற்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: 1932-ல் தொடங்கிய அதே மாஸ்கோ ஓவியர் சங்கத்தின் முப்பதாம் ஆண்டு விழா.