பேட்டரி வண்டியில சேஸிஸ் நம்பர் எங்க இருக்கு? பட்டவங்க சொல்லுங்க

நாகர்கோவில்:
போன மாசம் ஒரு பழைய இ-ஸ்கூட்டர் வாங்கினேன். பச்சை பிளேட், அதாவது ஆர்.டி.ஓ.வுல பதிவு பண்ணின பேட்டரி வண்டி, டி.என். 74. பேர் மாத்தலாம்னு ஆன்லைன்ல உக்காந்தா சேஸிஸ் நம்பரோட, அதான் வண்டிக் கம்பியில அடிச்சிருக்குற அடையாள நம்பரோட, கடைசி 5 எழுத்தைக் கேக்குது. ஆர்.சி. அட்டை தேஞ்சு போய் கடைசி எழுத்து 8-ஆ, பி-யான்னே தெரியல. சரி, வண்டியிலயே பாத்துருவோம்னு இறங்கினேன். சீட்டைத் தூக்கி டார்ச் அடிச்சேன், கால் வைக்குற இடத்து விரிப்பை உரிச்சேன், தரையில படுத்தும் பாத்தேன். எங்க பாத்தாலும் பிளாஸ்டிக் மூடி. கடைசியில மெக்கானிக் ஹேண்டிலை முழுசா இடது பக்கம் திருப்பி, கழுத்துக்கிட்ட ஒரு சின்ன ரப்பர் மூடியைக் கழட்டினார். அங்க இருக்கு! ஆனா பெயிண்ட் அடைச்சுக் கிடந்தது. மெல்லிசா ஒரு பேப்பரை வச்சு பென்சிலைச் சாய்ச்சு உரசினார். சின்ன வயசுல காசு மேல பேப்பர் வச்சு உரசுவோமே, அதே வேலைதான். 8.

குளச்சல்:
சேஸிஸ் நம்பர்ல உள்ள 17 எழுத்துல ஆங்கில ஐ, ஓ, க்யூ மூணும் வராது. வட்டமா ஒண்ணு தெரிஞ்சா யோசிக்காண்டாம், பூஜ்யம்தான்.
நமக்கு பிரச்சினை வேற. கடல் காத்துல ரெண்டே வருசத்துல ஸ்டிக்கர் வெளுத்துப் போச்சு, கம்பியில அடிச்ச நம்பர் மேல துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போனேன், பக்கத்து வீட்டு அண்ணன் கையைப் பிடிச்சு நிறுத்தினார். தேய்ச்ச தடம் இருந்தா நம்பரை அழிச்ச வண்டின்னு சந்தேகப்படுவாவளாம். பழைய பிரஷ்ல கொஞ்சம் மண்ணெண்ணெய், துணியால துடைச்சுட்டு மேல சாக்பீஸ். பள்ளத்துல மட்டும் வெள்ளை நிக்கும், சுகமா வாசிக்கலாம். அப்புறம் லேசா கிரீஸ் பூசி விட்டாச்சு.

குலசேகரம்:
எனக்க அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தது சின்ன வண்டி. 250 வாட்ஸ் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம். பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம்னதும் சந்தோசமா இருந்தோம். வெளுப்பாங்காலத்துல ரப்பர் பால் வெட்டப் போக அதுதான்.
ஒரு நாள் வெட்டு முடிச்சு வந்து பாத்தா நிறுத்தின இடத்துல வண்டி இல்ல. ஸ்டேஷன்ல மொதல் கேள்வியே, “நம்பர் என்ன?” பிளேட்டே இல்லாத வண்டிக்கு என்ன நம்பர் சொல்ல? செவப்பு நிறம், இடது கண்ணாடி ஒடைஞ்சது, அம்மா கட்டின கறுப்புக் கயிறுன்னு அப்பா அடையாளம் சொல்லிக்கிட்டே இருந்தார். பாவம்.
வீட்டுல வந்து பில்லை எடுத்தா மாடலும் நிறமும்தான் இருக்கு. வாரண்டி அட்டையில நீளமா ஒரு நம்பர் கண்டு ஓடிப்போய்க் குடுத்தோம். அது பேட்டரிக்க நம்பர்! பேட்டரியைக் கழட்டி வித்துட்டா அதை வச்சு என்ன செய்ய? நல்லவேளை, வண்டி குடுக்கும்போ கடைக்காரர் ஒரு நோட்டுல ஃபிரேம் நம்பரை, அதான் சேஸிஸ் நம்பரை, எழுதி வச்சிருந்தார்.
ரெண்டு வாரம் கழிச்சு ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலத்துற ஒரு புகைப்புரைக்குப் பொறத்தால வண்டி கெடச்சுது. பேட்டரி இல்ல, ஸ்டிக்கரையும் கிழிச்சிருந்தான். சீட்டுக்குக் கீழ கம்பியில அடிச்ச நம்பர் மட்டும் அப்படியே இருந்தது. அதை ஒத்துப் பாத்துத்தான் திருப்பிக் குடுத்தாவ. அப்பா வண்டியைச் சுத்திப் பாத்துட்டு கேட்டது ஒண்ணுதான்: “புது பேட்டரி எவ்வளவுலே ஆகும்?”

மார்த்தாண்டம்:
பேட்டரி, ஃபிரேம், மோட்டார், மூணுக்கும் தனித்தனி நம்பர் உண்டு. சக்கரத்துக்குள்ள மோட்டார் இருக்குற வண்டின்னா அச்சுப் பக்கம் பாருங்க. ஒரு விசயம், பச்சை பிளேட் வண்டியில மோட்டாரை மாத்தினா பில்லைக் களையாதீங்க. ஆர்.சி.யில பழைய மோட்டார் நம்பர்தான் கெடக்கும், அதையும் மாத்தணும்.

நாகர்கோவில்:
குலசேகரத்து அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சதும் ராத்திரியே எழும்பிப் போய் மகளோட பேட்டரி சைக்கிளைக் கவிழ்த்துப் பாத்தேன். பெடல் அச்சுக்கு நேர் கீழ இருக்கு. போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப் குரூப்புல போட்டாச்சு. “இந்த நேரத்துல என்ன வேலை”ன்னு வீட்டுக்காரி கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல.