ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வங்கிக் கணக்குக்கு முன்னால் முகவரியும் பெயரும்

ஜெர்மனியில் வங்கிக் கணக்கு இல்லாமல் முதல் மாதத்தைத் தள்ளுவது பெரும்பாடு. சம்பளம், வாடகை, மருத்துவக் காப்பீடு, போன் பில் என்று எதைத் தொட்டாலும் ஐபான் எனும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். மாணவர்கள் பாடு இன்னும் இறுக்கம். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஓர் அளவு மட்டுமே எடுக்க முடிகிற பூட்டிய கணக்கு) கட்டிய 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாக உங்கள் நடப்புக் கணக்குக்கு வந்தால்தான் செலவுக்குக் காசு. அதுவரை சமாளிக்கக் கொஞ்சம் யூரோவை ரொக்கமாகவே கொண்டு வாருங்கள்.

முதல் வேலை, ஆன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிப் படிவமும் வேண்டும். ‘தங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பதியக் கூடாது’ என்று சொல்லும் அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பதிவுத் தாள் இல்லையென்றால் பல வங்கிகள் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சம்பளத்துக்குத் தேவையான 11 இலக்க வரி எண்ணும் அந்த முகவரிக்குத்தான் தபாலில் வரும். பெர்லின் போன்ற ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் பார்க்கத் தொடங்குங்கள்.

அடுத்து, தபால் பெட்டி. இதைப் பலரும் கவனிப்பதில்லை. இங்கே முகவரியில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. தெருவும் கட்டட எண்ணும் மட்டும்தான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். வங்கி அட்டை ஒரு உறையில் வரும், பின் எண் சில நாள் கழித்துத் தனி உறையில் வரும். பெட்டியில் பழைய குடித்தனக்காரர் பெயர் மட்டும் இருந்தால் இரண்டும் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். சாவி கைக்கு வந்த அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் பெயரை எழுதி, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள். நண்பர் வீட்டில் தங்கியிருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

பெயர் என்றதும் நம் ஆட்களுக்கே உரிய சிக்கல் ஒன்று. இனிஷியலை விரித்து எழுதியவர்கள், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள், அப்பா பெயரே குடும்பப் பெயராகிப் போனவர்கள் என்று நம்மில் பல வகை உண்டு. பதிவுத் தாளில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில், எந்த எழுத்துக்கூட்டில் இருக்கிறதோ, அதையே வங்கியிலும் வேலையிடத்திலும் கொடுங்கள். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயரும் ஐபானும் பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பெயர் மாறியிருந்தால் அனுப்புபவருக்கு எச்சரிக்கை வரும். அவர் உங்களைத் தெரியாதவராக இருந்தால் பயந்து நிறுத்திவிடுவார்.

எந்த வங்கி? ஜெர்மன் இன்னும் பழகாதவர்களுக்கு ஆங்கிலத்தில் இயங்கும் இணைய வங்கி வசதி. சிலவற்றின் வீடியோ அடையாளச் சோதனை இந்தியக் கடவுச்சீட்டை ஏற்காது. அப்போது தபால் நிலையத்தில் நேரில் அடையாளம் காட்டும் போஸ்ட்ஐடென்ட் வழி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே ஸ்பார்க்காஸே எனும் உள்ளூர் சேமிப்பு வங்கியின் கிளை இருந்தால் மாதக் கட்டணம் கொடுத்தாவது அங்கே போகலாம் என்பது என் கருத்து. எதிரே உட்கார்ந்து பேச ஒருவர் இருப்பது முதல் வருடத்தில் பெரிய பலம்.

வங்கி மறுத்துவிட்டால் சோர்ந்து போக வேண்டாம். 2016 ஜூன் முதல் பாசிஸ்கோன்டோ எனப்படும் அடிப்படைக் கணக்கு இங்கே சட்டப்படி உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாரும் கேட்கலாம். அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்கும், நிலையான முகவரி இல்லாதவர்களுக்கும்கூட இது பொருந்தும். அதற்கென உள்ள படிவத்தைக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்கள். பத்து வேலை நாட்களுக்குள் கணக்கைத் தர வேண்டும், அல்லது சட்டம் அனுமதிக்கும் காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் பாஃபின் எனும் நிதிக் கண்காணிப்பு ஆணையத்திடம் போகலாம். கவுன்டரில் வாய்மொழியாக ‘முடியாது’ என்றதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

கணக்கு வந்த பிறகு ஒரே ஒரு எச்சரிக்கை, முக்கியமாக மாணவர்களுக்கு. ‘உங்கள் கணக்கில் பணம் போடுகிறோம், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை வேறு இடத்துக்கு அனுப்புங்கள்’ என்று பகுதிநேர வேலை வரும். ‘எங்கள் செயலியைச் சோதிக்க உங்கள் கடவுச்சீட்டை வைத்து ஒரு கணக்கு தொடங்குங்கள்’ என்றும் வரும். முதலாவது பண மோசடிக்கு உங்கள் கணக்கைக் கடன் கேட்பது. இரண்டாவதில் உங்கள் பெயரிலேயே மோசடிக் கணக்கு உருவாகிவிடும். போலீஸ் வழக்கு வந்தால் விசா நீட்டிப்பும் ஆட்டம் காணும். அறைத் தோழரே கேட்டாலும் சரி, கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. வேலைக்காகவோ நீண்ட காலத்துக்கோ வெளிநாடு வந்துவிட்டால் அதை என்ஆர்ஓ எனும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்ற வேண்டும் என்பது இந்திய விதி. அந்த வேலைக்கு ஓடிபி தேவைப்படும். இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள்.