புதுப்பிப்பு: உராய்வுச் சோதனையில் முள் ஆடாமல் நிற்க வழி கிடைத்தது

மரக்கட்டையைச் சுருள்வில் தராசால் இழுக்கும்போது முள் ஆடிக்கொண்டே இருக்கிறது, வகுப்பில் எப்படி அளப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, வழி கிடைத்துவிட்டது. கட்டையை இழுக்கவே வேண்டாம். தராசை அசையாமல் கட்டிவிட்டு, அதன் கொக்கியில் கட்டையை மாட்டி, அடியிலுள்ள நீள அட்டையை இழுக்க வேண்டும். கட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். கையின் வேகம் கொஞ்சம் மாறினாலும் அளவு பெரிதாக மாறாது.

அட்டை நகரத் தொடங்கும் நொடியில் முள் எகிறிவிட்டுச் சற்றுக் கீழே இறங்கும். நிலை உராய்வுக்கும் (நகரத் தொடங்கும் முன் தடுக்கும் விசை) இயக்க உராய்வுக்கும் (நகரும்போது தடுக்கும் விசை) உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது!

அப்புறம், அதே எடைக் கட்டை ஒன்றை மேலே வைத்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கட்டையைக் குறுகிய பக்கமாகத் திருப்பினாலோ கிட்டத்தட்ட அதே அளவுதான். இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். முதலில் அவர்களின் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள்.