மறுமொழி: ‘டிஜிட்டல் அம்ப்’ – இலக்கமுறை விரியலாக்கியா, ஆளி விரியலாக்கியா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு விடும் அம்ப்பை (அம்ப்ளிஃபயர்) விரியலாக்கி என்கிறோம். ‘டிஜிட்டல் அம்ப்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்வி இது:

> டிஜிட்டல் என்றால் இலக்கமுறை. அப்படியானால் ‘இலக்கமுறை விரியலாக்கி’ போதுமே?

போதாது. டிஜிட்டல் அம்ப் என்று சொல்லி விற்கிற டி வகுப்புக் கருவிகள் பலவற்றின் உள்ளே இலக்கமே இல்லை. விரியலாக்கிகளை வேலை செய்யும் விதத்தால் பிரித்த ஏ, பி, சி வகுப்புகளுக்கு அடுத்து வந்ததால் கிடைத்த எழுத்துத்தான் டி. உள்ளே வரும் இசை அலையை, செக்கனுக்குச் சில இலட்சம் தடவை ஏறி இறங்கும் முக்கோண அலையோடு ஒரு மின்சுற்று ஒப்பிட்டு, மின் துடிப்புகளை உண்டாக்குகிறது. இசை உயர்ந்தால் துடிப்பு அகலும், தாழ்ந்தால் ஒடுங்கும். அதற்கேற்ப ரான்சிஸ்ரர்கள் முழுதாகத் திறக்கும், இல்லையேல் முழுதாக மூடும். கடைசியில் கம்பிச்சுருளும் கொள்ளளவியும் சேர்ந்த வடிகட்டி துடிப்பை நீக்கிவிட்டு இசையை ஸ்பீக்கருக்கு விடுகிறது. இதில் எந்த இடத்திலும் ஒலி எண்ணாக மாறவில்லை.

பெயர் செய்த கெடுதலை வீட்டிலேயே பார்த்தேன். ‘டிஜிட்டல் எண்டா சத்தம் வெட்டுப்பட்டுத்தான் வரும்’ என்று சொல்லிச் சித்தப்பா தன் பழைய ஏபி வகுப்பு அம்பை விடவே மாட்டார். டிபிஏ3116 என்ற டி வகுப்புச் சில்லு உள்ள சின்னப் பலகை ஒன்றை அவருடைய ஸ்பீக்கரில் கொழுவி, நாதஸ்வரக் கச்சேரிப் பதிவொன்றைப் போட்டேன். தவிலின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடி விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடிய, பலகையின் சூடு தணிக்கும் அலுமினியத் தட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. ‘அப்ப இதுக்கு ஏன் டிஜிட்டல் எண்டு பேர் வைச்சவங்கள்?’ என்று கேட்டார்.

பழைய கெட்ட பெயரில் உண்மையும் உண்டு. 1964-இல் பிரித்தானியாவில் சின்கிளேயர் எக்ஸ்-10 என்ற டி வகுப்பு அம்ப் நாமே பொருத்திக்கொள்ளும் தொகுப்பாக வந்தபோது, இந்த வேலைக்கு வேண்டிய வேகம் அன்றைய ரான்சிஸ்ரர்களுக்கு இருக்கவில்லை. பிறகு வந்தவற்றிலும் ஸ்பீக்கரை மாற்றினால் மேற்சுருதி ஒலிகள் மாறின. இப்போது நல்ல வடிவமைப்புகளில் வெளிவருவதை உள்வருவதோடு ஒப்பிட்டுத் திருத்தும் பின்னூட்டத்தை வடிகட்டிக்குப் பின்னாலிருந்தே எடுக்கிறார்கள். அந்தக் குறை பெரும்பாலும் போய்விட்டது.

பி வகுப்பின் செயற்றிறன் (வாங்கும் மின்னில் ஸ்பீக்கருக்குப் போகும் பங்கு) கணக்கின்படியே 78.5 வீதத்தைத் தாண்டாது. டி வகுப்பு 90-ஐத் தாண்டுகிறது. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் எங்களுடையது. மின்னை வீணாக்காத கருவி என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ரான்சிஸ்ரர்கள் சுவிச்சைப் போலத் திறந்து மூடுவதுதான் இதன் அடிப்படை. ஆகவே என் முன்மொழிவு ‘ஆளி விரியலாக்கி’. தமிழக நண்பர்களுக்கு ஆளி என்றதும் கோயில் தூணின் யாளி நினைவுக்கு வரலாம். எங்கள் இலங்கைப் பௌதிகவியல் பாடநூல்களில் சுவிச்சுக்கு அதுதான் சொல். சிறியது, சொற்புணர்ச்சிக்கும் இலகுவானது. வேண்டுமானால் தமிழகத்தில் ‘நிலைமாற்றிப் பெருக்கி’ என்று எழுதலாம். எண்களை நேரடியாக வாங்கித் துடிப்பாக்கும் கருவிகளுக்கு மட்டும் ‘இலக்கமுறை’யை ஒதுக்கி வைப்போம்.

அப்புறம், அந்தக் கம்பிச்சுருளுக்கு நான் ‘தூண்டி’ என்று எழுதலாமென்று இருக்கிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள், வடிகட்டிப் பகுதியை அதற்குப் பிறகு எழுதி அனுப்புகிறேன்.