ஸ்நேக் பிளாண்ட் அடி அழுகுகிறது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
ஹாலில் 10 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளாண்ட் இருக்கிறது. நர்சரியில் தந்த தேங்காய் நார்த்தூளை மாற்றவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இப்போது இரண்டு இலைகள் அடியில் கொழகொழவென்று பழுப்பாகி, தொட்டாலே சாய்கின்றன. வாடையும் வருகிறது. மேல்பாதி பச்சைதான். உரம் போதவில்லையா?

பதில் 1:
உரமில்லை, தண்ணீர்தான் காரணம். இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில்தான் திறக்கும். அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. போதாததற்கு இலையிலும் கிழங்கிலும் வேறு நீரைச் சேமித்துக்கொள்ளும். நார்த்தூள் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்க, வேருக்குக் காற்றில்லாமல் அழுகிவிடுகிறது.

இன்றே தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறுங்கள். நல்ல கிழங்கு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அமுங்குவதையெல்லாம் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்ட வேண்டும். மஞ்சள்தூள் பூசுவோர் உண்டு, ஆனால் காயவிடுவதுதான் முக்கியம்: நிழலில் மூன்று நாள். பிறகு பெருமணல் 2 பங்கு, செம்மண் 1, மட்கிய தொழுவுரம் 1 கலந்து, கிழங்கைச் சுற்றி இரண்டு விரற்கடை மட்டும் இடமிருக்கும் மண்தொட்டியில் வையுங்கள். பெரிய தொட்டி என்றால் ஈரம் காயவே காயாது.

பதில் 2:
சாய்ந்த இலைகளை எறியாதீர்கள். அழுகலுக்கு மேலே வெட்டி 4 அங்குலத் துண்டுகளாக்கி, அடிப்பக்கத்தை 'வி' போல நறுக்கி அடையாளம் வையுங்கள். தலைகீழாக நட்டால் வேர் விடாது. நான்கைந்து நாள் காய்ந்ததும் ஓர் அங்குல ஆழம் நட்டால் போதும். வேர் பிடிக்க ஒன்றிரண்டு மாதமாகும், குருத்து வர இன்னும் பல மாதம். ஆனால் அந்தக் குருத்தில் மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும், அதனால் மிஞ்சிய கிழங்கைப் பத்திரமாகப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நட்டதும் தண்ணீர் எப்போது விடலாம்?

பதில் 1:
ஒரு வாரம் வேண்டாம். அதன்பின் நாள் எண்ணாதீர்கள். ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். வெயில் காலத்தில் பத்துப் பதினைந்து நாளும், மழைக்காலத்தில் மூன்று நான்கு வாரமும் தாங்கும். விடும்போது அடித்துளை வழியே வழியும்வரை விட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இலைக்கொத்தின் நடுவில் ஊற்றாதீர்கள், அங்கே நின்ற நீரும் குருத்தை அழுகவைக்கும்.

பதில் 3:
வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் உயரத்தில் வையுங்கள். இலையில் சபோனின் என்ற நச்சுப்பொருள் உண்டு, கடித்தால் வாந்தி எடுக்கும்.