முதல் மெழுகுதிரியை ஏற்ற மாட்டேன் என்கிறாள் அம்மா

தூத்தூர்ப் பக்கத்துப் பையன்:
இந்த வருடம் (2025) திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரக் காத்திருப்பு, நவம்பர் 30 அன்று தொடங்குகிறது. 2017-இல் ஓகி புயல் அடித்த அதே தேதி. அப்பா அதற்கு 12 நாள் முன்னால் கொச்சியிலிருந்து தங்கலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவர். போட்டும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

இந்தக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுதிரிகளில் முதலாவதை அம்மா ஏற்ற வேண்டும் என்று எங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) கேட்டார்கள். ஓகியில் ஆளைப் பறிகொடுத்த வீடு என்பதால் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அம்மா முடியாது என்றுவிட்டாள். ராத்திரி என்னிடம், "எட்டு வருஷமா ஆண்டவரே வாரும் வாரும்னு பாடுதாங்க. யாரு வந்தா மக்களே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆறுதல் வார்த்தை அவளுக்கு நிறையவே கிடைத்துவிட்டது. இந்த நான்கு வாரத்தில் அவளுக்கென்று ஏதாவது இருக்கிறதா? அதைத்தான் கேட்கிறேன்.

முட்டம் உபதேசியார்:
தம்பி, ஏற்ற மனமில்லை என்றால் விட்டுவிடட்டும். யாரும் வற்புறுத்த வேண்டாம்.

இது கொண்டாட்டக் காலம் இல்லை. தவக்காலத்தைப் போலவே பீடத்தில் ஊதாதான். ஞாயிறு பூசையில் வானவர் கீதம் என்ற மகிழ்ச்சிப் பாட்டு கிடையாது. கிறிஸ்து பிறப்பு இரவுப் பூசையில் பாடுவதற்காகத் திருச்சபையே அதை அடக்கி வைக்கிறது. அதனால் உங்கள் அம்மா பாடாமல் நின்றாலும் இந்தக் காலத்துக்கு வெளியே நிற்கவில்லை.

2017-இல் முதல் ஞாயிறு டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருநாளும் அன்றுதான். அன்றைய பூசையில் முதல் வாசகம் எசாயா இறைவாக்கினர்: வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கி வரமாட்டீரா என்ற கதறல். நற்செய்தி மாற்கு 13: வீட்டுத் தலைவர் வருவது மாலையிலா, நள்ளிரவிலா, சேவல் கூவும்போதா, காலையிலா தெரியாது, விழித்திருங்கள். வல்லவிளையிலும் சின்னத்துறையிலும் பெண்கள் கடலுக்குப் போனவர்களுக்காக அந்த நான்கு வேளையும் கரையில் நின்ற நாட்கள் அவை. வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"யாரு வந்தா" என்று அம்மா கேட்பதும் எசாயா கேட்டதும் ஒன்றுதான். அவளை அடக்காதீர்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்:
நான் சிஎஸ்ஐ, சீர்திருத்த சபை. எங்கள் பழைய வேதாகமத்தில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று இருக்கும். நீங்கள் கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் அதே இடம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. முதல் தடவை வாசித்தபோது எதிர்நோக்கு கரடுமுரடான சொல்லாகப்பட்டது. இப்போது அதுதான் எனக்குப் பிடிக்கிறது. நம்பிக்கை என்றால் மனசு திடமாக இருக்க வேண்டும் என்று ஆகிவிடும். எதிர்நோக்குக்கு எதிரே பார்த்துக்கொண்டிருந்தால் போதும். உங்கள் அம்மா இத்தனை வருடமும் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறார்கள், இல்லையா?

குளச்சல்:
மக்களே, உங்க அம்மா மனசு எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். என் மகள் 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனாள். அவளுக்கு ஒரு குழியாவது இருக்கிறது, நான் போய் உட்காரலாம். உங்க அப்பாவுக்கு அதுவும் இல்லை.

அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் ஸ்டார் தொங்கவில்லை, குடில் இல்லை. அதற்கடுத்த வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குடிலுக்குப் புல் வேண்டும் என்று சிரட்டைகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைத்தார்கள். அவர்கள் முற்றத்தில் வெயில் விழாது. அதனால் எங்கள் திண்ணையில் கொண்டு வைத்துவிட்டு, "ஆன்ட்டி, தண்ணி மட்டும் தெளிச்சிருங்க" என்று ஓடிவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வாடவிட மனசு வரவில்லை. மூன்று நான்கு நாளில் வெள்ளையாக முளை தெரிந்தது. ஒரு நாள் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து அதைப் பார்க்கப் போனேன். மகள் போன பிறகு எதையாவது பார்க்கவேண்டும் என்று நானாக எழுந்தது அன்றுதான். ஜெபம் எல்லாம் ரொம்பப் பிறகு வந்தது.

மெழுகுதிரியைப் பிள்ளைகள் யாராவது ஏற்றட்டும். அம்மா பக்கத்தில் நின்றால் நிற்கட்டும்.

தூத்தூர்ப் பக்கத்துப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. வானவர் கீதம் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடைசி வரிசையில நிப்பேன். யாரும் என்னை முன்னால கூப்பிடக் கூடாதுன்னு பங்கு அச்சன்கிட்ட சொல்லிரு" என்றாள். மெழுகுதிரி ஏற்ற சித்தி மகளைக் கேட்டிருக்கிறோம், ஏழு வயசு. ஓகி அடித்தபோது அவள் பிறக்கவே இல்லை. சிரட்டை பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.