ரோஸ்மேரி வச்ச ஆக்கள், உங்கட கண்டுக்கு என்ன நடந்தது?

கோண்டாவில் செவ்வந்தி:
நர்சரியில வாங்கின கண்டு. பங்குனியில இருந்து வடிவா நிண்டது. சோளகம் அடிச்சு மல்லிகையே சுருண்ட நேரமும் அது அசையேல்லை. ஐப்பசி மழை துவங்கி ரெண்டு கிழமையில நுனி மண்ணிறமாகி, கொப்பெல்லாம் தொங்கிச்சுது. அம்மா பாத்திட்டு "இதுக்குத் தண்ணி காணாது" எண்டு, மழை விட்ட நாளெல்லாம் கிணத்தடியில இருந்து ஒரு செம்பு கொண்டுவந்து ஊத்தினவா. நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.

விளக்கீட்டுக்கு முதல்நாள் சாடியை அரக்குவம் எண்டு பிடிச்சன், கண்டு கையோட வந்திட்டுது. வேர் கறுத்து, தொட்டால் தோல் கழண்டு வழுக்குது. சேத்து மணம். மேல இலையைக் கசக்கினா அப்பவும் அதே வாசம். அம்மா பக்கத்தில நிண்டு "அப்ப நான் ஊத்தின தண்ணியோ?" எண்டு கேட்டா. நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அதுதான் இன்னும் மனசுக்குள்ள கிடக்குது.

காரைநகர்க் கடலடி:
எனக்கு மறுவளம். ஆனி மாசம் ஆஸ்பத்திரி அலுவலாக் கொழும்பில ஒரு மாசத்துக்கு மேல நிக்கவேண்டி வந்திட்டுது. வளவில ஒருத்தரும் இல்லை. திரும்பி வந்து படலையைத் திறந்தா, செவ்வரத்தையில இருந்து முருங்கைக் கண்டு வரைக்கும் ஆடு கடிச்சுப்போட்டுது. வேலியோரத்து ரோஸ்மேரியில மட்டும் ஒரு கொப்புக் குறையேல்லை. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமல் நிண்ட செடி. நடுமத்தியானம், வெயிலில சூடேறிக் கிடந்ததில கை உரஞ்சின உடன ஒரு வாசம் வந்துது பாருங்கோ, பயணக் களைப்போட அதிலயே குந்தியிட்டன். லத்தீனில அந்தப் பேருக்குக் கடல் பனி எண்டு கருத்தாம். எங்கட உப்புக்காத்துக்குப் பொருந்தின பேர்.

செவ்வந்தி அக்கா, செம்மண்ணில வச்சால் அழுகத்தான் செய்யும். மணலும் ஊரியும் கலந்து வையுங்கோ.

ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார்:
தம்பி, செம்மண்ணைப் பழிக்க வேண்டாம். வலிகாமத்துச் செம்மண் நீரை வடியவிடுகிற மண். அதற்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மத்தியதரைக் கடலோரங்களிலும் ரோஸ்மேரி சுண்ணாம்புக்கல் நிலத்தில்தான் காடாக நிற்கிறது. பிள்ளை வைத்தது சாடியில். அடித்துளை அடைபட்டால் எந்த மண்ணும் சேறுதான்.

அங்கேயும் கோடை வறண்டது, இங்கேயும் வறண்டது. வித்தியாசம் மாரியில் இருக்கிறது. அங்கே மழை குளிரோடு வரும். எங்களுக்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் ஆண்டு மழையின் பெரும்பங்கு சூட்டோடும் ஈரக்காற்றோடும் கொட்டுகிறது. அந்தச் சூட்டில் வேரழுகல் விரைவாகப் பரவும். வேர் அழுகியபின் செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீர் காணாமல் வாடியது போலவே தெரியும். அம்மா கண்டது சரி பிள்ளை, செடிக்குத் தாகம்தான். வேர் இல்லாத தாகம். அதை வெளியில் இருந்து பார்த்து எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

என் கதை சிறியது. நான் வைத்த செடி அடர்ந்து கட்டையாகிவிட்டதென்று இலையில்லாத பழைய கட்டை வரைக்கும் வெட்டினேன். ஒரு துளிரும் வரவில்லை. ஆறு வருடச் செடி. பச்சை உள்ள பகுதியில் மட்டும் வெட்டுங்கள்.

இன்னும் சில. இலை ஏன் ஊசிபோல் விளிம்பு சுருண்டிருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெண்மயிர். நீராவி வெளியேறும் நுண்துளைகளான இலைவாய்கள் அதற்குள் ஒளிந்திருப்பதால்தான் நீர் வீணாகாது. ஆகவே மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் போதும். மாட்டெருவை அள்ளிப் போட வேண்டாம், செழிப்பான மண்ணில் கொப்பு நீண்டு மெலியும். மாரியில் சாடியைத் தாவாரத்துக்குள் எடுங்கள், ஆனால் காற்றுப்படட்டும், இல்லாவிட்டால் இலையில் வெண்பூஞ்சணம் வரும். விதை முளைக்க நாளாகும், கொப்புத்தான் நல்லது. பூக்காத கொப்பில் 10 சென்ரிமீற்றர் வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவி, ஈரமணலில் நிழலில் குத்திவையுங்கள். 2017இலிருந்து தாவரவியலில் இதைச் சல்வியா என்ற பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள், புத்தகத்தில் ரொஸ்மரைனஸ் என்ற பழைய பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

அளவெட்டிப் பேத்தி:
வாத்தியார் ஐயா, நான் வளக்கிறதைப் பற்றி எழுத வரேல்லை. அம்மம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருசமும் எல்லாம் அயத்துப் போச்சு. என்ர பேரும்தான். ஒருநாள் குசினி வாசலில ரோஸ்மேரி இலை உருவிக்கொண்டிருந்தனான். அம்மம்மா வந்து என்ர கையைப் பிடிச்சு மணந்து பாத்திட்டு, "ஆர் கற்பூரம் கொளுத்தினது? பூசை முடிஞ்சுதோ?" எண்டு கேட்டா. பேந்து நெத்தியைத் தடவித் திருநீறு தேடினவா. அந்த இலையில உண்மையாவே கற்பூரச் சத்து இருக்கு எண்டு பிறகுதான் அறிஞ்சன். அதுக்குப்பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பு முறிச்சு அவவின்ர கையில குடுத்தனான். செத்தவீட்டண்டும் ஒண்டு வச்சனான்.

சுன்னாகம் சந்தையடி:
இந்தச் சனம் எல்லாம் தலைமயிருக்கெண்டுதானே வாங்குது. 2015இல வந்த ஒரு ஆய்வு, 100 பேர், ஆறு மாசம். ரோஸ்மேரி எண்ணெயும், மயிர் வளரப் பூசுற மருந்தான 2 வீத மினொக்சிடிலும் ஏறத்தாழ ஒரே பலன் எண்டு முடிவு. நல்லது. ஆனால் என்ர மருமகள் போத்தல் எண்ணெயை ஒண்டும் கலக்காமல் உச்சியில விட்டு, அண்டிரவு முழுக்க ஈரத்துணியோட இருந்து அழுதவள். தோல் சிவந்துபோச்சு. தேங்காயெண்ணெயில நாலைஞ்சு சொட்டுக் கலவுங்கோ. போத்தல் எண்ணெயைக் குடிக்கக் குடுக்கவே கூடாது. வலிப்பு உள்ளவையும் பிள்ளைத்தாச்சியளும் டொக்டரைக் கேக்காமல் தொடவேண்டாம்.

கோண்டாவில் செவ்வந்தி:
வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "வேர் இல்லாத தாகம்" எண்ட இடத்தில மறிச்சு, இன்னொருக்கா வாசிக்கச் சொன்னவா. ஆரிட்டயாவது கொப்பு எடுக்கலாமோ?

காரைநகர்க் கடலடி:
என்னட்ட வாங்கோ அக்கா. இப்ப எல்லாம் நனைஞ்சு கிடக்குது, தைப்பொங்கல் கழியட்டும். நாலு கொப்பு ஈரத்துணியில சுத்தித் தாறன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.